சும்மா கிடந்த ஓட்டை

அத்தியாயம் 17

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

வளன் தன் தம்பி ஜெனோவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை அது. ஏழு மாதமாக அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டால், கூடப் பிறந்தவனிடம் என்ன வட்டிக்காரன் மாதிரி என்பார்கள். கேட்காமல் இருந்தால், அவனுக்கென்ன குறை, கையில் காசு புரளுகிறது என்பார்கள். ஜெனோ இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். மூன்றாம் தடவைக்கு நாக்கு எழவில்லை.

அதில் முக்கால்வாசி அவன் மனைவி விஜிலாவின் சங்கிலி. அதை அடகு வைத்துத்தான் ஒரு கட்டு கம்ப்யூட்டர் வயரும், அதன் நுனியில் மாட்டுகிற கிளிப்பும், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற, பதினாறு ஓட்டை வைத்த சுவிட்ச் பெட்டியும் வாங்கினான். மீதிக் கால்வாசி அவன் கூலி. அண்ணன் வீட்டில் ஐந்து நாள் ஏணியில் நின்றதற்கு.

வளன் இருபத்தாறு வருடம் கப்பலில் ஓடியவன். கரைக்கு வந்தபிறகு முன்னறையை ஆபீசாக்கிவிட்டான். சரக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் துறைமுகத்திலும் கஸ்டம்ஸிலும் கொடுக்க வேண்டிய காகிதங்களைத் தயார் செய்து அனுப்புகிற வேலை. கீழே இரண்டு கம்ப்யூட்டர், மாடியில் இரண்டு. நான்கையும், ஒரு பிரிண்டரையும், ஒரே ஒரு இன்டர்நெட் லைனையும் அந்தப் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தவன் ஜெனோ.

ஜெனோ ஒரு காலத்தில் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தான். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அசையாமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற வேலை. ஒருநாள் மேலிருந்து நழுவிய கம்பி வலது தோளில் விழுந்தது. தோள் கூடியது, பலம் கூடவில்லை. நாற்பத்தோரு வயதில் டூவிபுரத்து கம்ப்யூட்டர் கடை ஒன்றில் போய் உட்கார்ந்து, தன் மகன் வயசுப் பையன்களிடம் கிளிப் அடிக்கக் கற்றுக்கொண்டான். எட்டுக் கம்பி, எட்டு நிறம். எது முதலில், எது பிறகு என்று கனவிலும் சொல்லிக்கொண்டிருந்தான் என்று விஜிலா இன்றைக்கும் சிரிப்பாள்.

அப்படிச் சேர்த்த பேரைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இறங்குகிற கோயில் படியில், அண்ணன் மனைவி பிளாரன்ஸ் உடைத்துப் போட்டாள். நாலு பேர் கேட்க, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஜெயஷீலாவிடம் சொன்னாள்.

"எங்க கொழுந்தன் போட்ட வயரா? அத ஏன் கேக்கிய டீச்சர். பழைய பெட்டிய மாட்டி வச்சிட்டுப் போயிட்டான். வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் ஓடல."

ஜெனோ அப்போது படியில் மூன்று எட்டுக் கீழே நின்றான். கேட்டதை அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிந்தான்.

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பான். ஜெயஷீலா டீச்சர் பள்ளிக்கூடத்தில் முப்பது கம்ப்யூட்டர் வைத்து லேப் கட்டுகிறார். அதற்கு வயர் இழுக்கிற வேலை ஜெனோவுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. இப்போது மதுரைக் கம்பெனி ஒன்றும் விலை கொடுத்திருக்கிறது. நேற்று டீச்சரே போனில் பேசினார்.

"நான் உங்கள நம்பாம இல்ல ஜெனோ. சொந்த வீட்டுலயே ஓடலன்னா, நான் நிர்வாகத்துக்கு என்ன பதில் சொல்றது? நாளைக்குப் போய்ச் சரி பண்ணுங்க. அஞ்சு மணிக்கு நான் கூப்பிடுறேன். உங்க அண்ணன் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை போதும்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்றைக்குப் புறப்பட்டான்.

"ஏளா விஜி, டெஸ்டர எங்க வச்சே?"

"பீரோ மேல." விஜிலா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "அவிய வந்து கூப்பிட்டாவளா?"

"டீச்சர் போகச் சொல்லியிருக்காவ."

"பத்து நாளா ஓடலன்னு ஊரு பூரா சொல்லத் தெரியுது. ஒங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லத் தெரியல. போட்டா பாக்கிய எடுத்து வைக்கணும்லா."

"இப்ப அதப் பேசாத."

"நான் எத பேசுனேன்? சரி, போயி சரியாக்குனா என் சங்கிலி வருமா?"

"வேலை வரும். வேலை வந்தா சங்கிலி வரும்."

"ஏழு மாசமா இதத்தான் சொல்லுதிய. அந்தச் சங்கிலிக்குக் காது இருந்தா அதுவே சிரிக்கும்."

ஜெனோ பையைத் தோளில் மாட்டினான். இடது தோளில்.

அண்ணன் வீட்டு வாசலில் பிளாரன்ஸ் நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"செருப்ப வெளிய விடு. இப்பத்தான் மாப் போட்டேன்."

அவள் தலைக்குப் பின்னால் வளனின் மகள் ஜெர்லின் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் ஆபீசில் காகித வேலை முழுக்க அவள் கையில்தான். "வாங்க சித்தப்பா," என்றாள். அந்த வீட்டில் கிடைத்த வரவேற்பு அது ஒன்றுதான்.

வளன் சாய்வு நாற்காலியில் இருந்தான். பனியனும் கைலியும். கப்பலில் ஆள் அதட்டிய குரல் இன்னும் இறங்கவில்லை.

"வந்தியாலே? பத்து நாளு. பேய் பிடிச்ச மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கி ஒம் பெட்டி."

"சொல்லியிருந்தா மொத நாளே வந்திருப்பேன் அண்ணே."

"போட்டவனுக்குச் சொல்லணுமாக்கும்."

"கோயில் படியில சொன்னப்பத்தான் எனக்குத் தெரியும்."

"நான் உள்ளதத்தான் சொன்னேன்," என்றாள் பிளாரன்ஸ் கதவருகில் இருந்து. "இல்லாதத ஒண்ணும் சொல்லல."

வளன் கையை உயர்த்தினான். "நீ சும்மா இரி. ஏலே, ஒனக்கு நடந்தது தெரியுமா? லிங்கராஜ் அண்ணாச்சிக்கு ஒரு கன்டெய்னர் காஞ்ச பூ. ஜெர்லின் மாடியில எல்லாம் அடிச்சு வச்சிருக்கா. கம்ப்யூட்டர் வழியா கையெழுத்துப் போடுத சாவி இருக்கது கீழ உள்ளதுல. ரெண்டும் பேசிக்கிட மாட்டேங்கு. நெட்டும் இல்ல. இது என்ன எழவுன்னு நாங்க முழிக்கதுக்குள்ள நேரம் தாண்டிட்டு. கப்பல் போயிட்டு, பூ துறைமுக யார்டுல கெடக்கு. அண்ணாச்சி என் சட்டையப் பிடிக்காத குறை."

"மறுநாள்லருந்து பென்டிரைவ்ல கொண்டுபோய்க் கொண்டுபோய் செஞ்சோம் சித்தப்பா," என்றாள் ஜெர்லின். "என் போன்ல உள்ள நெட்டத்தான் போட்டு ஓட்டுதேன். நெட் கம்பெனிக்காரன் வந்தான். எங்க லைன்ல குறை இல்ல, ஒங்க வயரிங்லதான்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"அதுக்குமேல எவன் வந்து சொல்லணும்," என்றாள் பிளாரன்ஸ்.

 ஜெனோ பையைத் திறந்தான்.

முதலில் கிளிப்புகளைப் பார்த்தான். கடல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று பித்தளையைச் சும்மா விடாது. பச்சைக் களிம்பு ஏறினால் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும். அதற்காகவே விலை கூடின கிளிப்பாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் உறை மாட்டியிருந்தான். ஒன்றில்கூட களிம்பு இல்லை.

அடுத்து டெஸ்டர். ஒரு நுனியில் ஒரு துண்டு, மறு நுனியில் ஒரு துண்டு. ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தால் வயர் நல்ல வயர். மாடிக்கு ஏறினான், இறங்கினான். மறுபடி ஏறினான். சுவரில் ஓடுகிற ஒவ்வொரு வயரையும் கழற்றிப் பார்த்து, இருந்த ஓட்டையிலேயே திரும்பச் செருகினான். மேல் மூலையில் கை எட்ட வேண்டிய இடத்தில் தோள் சுருக்கென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினான். எல்லா வயரும் எட்டு விளக்கு காட்டின.

மதியம் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. ஜெர்லின் மட்டும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பெட்டிதாம்லே," என்றான் வளன். "செகண்ட் ஹேண்டு வாங்கிட்டியா?"

"பில் ஒன்கிட்டத்தான இருக்கு. ஏழு மாசமா."

வளன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

சுவிட்ச் பெட்டியை ஜெனோ ஹால் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். இப்போது அது திருஇருதய ஆண்டவர் சுரூபத்துக்குக் கீழ்த் தட்டில் இருந்தது. முன்னால் லேஸ் துணி தொங்கியது. இத்தனை நேரம் வயர் நுனிகளைத் துணிக்கு அடியில் கைவிட்டுத்தான் கழற்றி மாட்டியிருந்தான். இப்போது துணியை விலக்கிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளக்குகளைப் பார்த்தான்.

வேலை செய்கிற பெட்டியில் ஒவ்வொரு விளக்கும் தன்பாட்டில் சிமிட்டும். பேசுகிறபோது சிமிட்டும், பேச்சு இல்லாதபோது சும்மா நிற்கும். இங்கே அத்தனை விளக்கும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன.

ஜெனோ ஓட்டைகளை எண்ணினான். நான்கு கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட். ஆறு. ஜெர்லின் ஹாலில் உட்காரும்போது லேப்டாப்பில் செருகிக்கொள்ள, ஒரு கை நீளத்தில் ஒரு குட்டி வயர் விட்டிருந்தான். ஒரு நுனி பெட்டியில், மறு நுனி மேசையில். அதோடு ஏழு.

பெட்டியில் எட்டு செருகியிருந்தது.

மறுபடியும் எண்ணினான். எட்டுத்தான்.

குட்டி வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனான். மூன்றாம் ஓட்டையில் புறப்பட்டு, அழகாக ஒரு வளைவு வளைந்து, பன்னிரண்டாம் ஓட்டையில் வந்து முடிந்தது. அதே பெட்டியில்.

பன்னிரண்டில் இருந்த நுனியை அமுக்கி இழுத்தான். 'டிக்' என்று கழன்றது.

விளக்குகள் ஒரு நொடி திகைத்தது போல நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, தன்பாட்டில் சிமிட்ட ஆரம்பித்தன.

"சித்தப்பா, வந்துட்டு," என்றாள் ஜெர்லின் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து. "மாடிக் கம்ப்யூட்டரும் தெரியுது. நெட்டும் வந்துட்டு."

மூலையில் பிரிண்டர் உறுமியது. பத்து நாளாக வரிசையில் காத்திருந்த காகிதங்களை ஒன்றொன்றாகத் துப்பத் தொடங்கியது. முதல் காகிதம் லிங்கராஜ் அண்ணாச்சியின் காய்ந்த பூ. யாரும் எடுக்கவில்லை.

"என்ன செஞ்சே?" வளன் எழுந்து வந்தான்.

ஜெனோ குட்டி வயரின் இரண்டு நுனியையும் தூக்கிக் காட்டினான்.

"ரெண்டும் ஒரே பெட்டியில இருந்துச்சு."

"அதனால?"

"கம்ப்யூட்டர் அப்பப்ப ஒரு சத்தம் கொடுக்கும் அண்ணே. யாரு யாரு இருக்கியன்னு. பெட்டி அத எல்லாருக்கும் சொல்லும். இந்த வயரு வழியா சொன்னது சுத்தி அதே பெட்டிக்கே திரும்பி வரும். பெட்டிக்குத் தெரியாது, நம்ம சொன்னதுதான்னு. யாரோ புதுசா சொல்லுதாவன்னு திரும்ப எல்லாருக்கும் சொல்லும். அது திரும்ப வரும். நிக்கவே நிக்காது. அந்த எரைச்சல்ல ஒருத்தன் உள்ளத ஒரு வார்த்தை பேச முடியாது."

ஜெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம தெரு மாதிரி."

"நீ வாய மூடு," என்றாள் பிளாரன்ஸ்.

"இத இங்கன யாரு செருகுனா?" ஜெனோ பொதுவாகத்தான் கேட்டான்.

"செருகாம?" பிளாரன்ஸ் சேலை முந்தியை இடுப்பில் சொருகினாள். "பங்குச்சாமி வீடு மந்திரிக்க வாரார். மேசைக்கு மேல பெட்டி, வயரு, குப்பை. எல்லாத்தையும் எடுத்து ஒதுங்க வச்சேன். அந்த ஒரு நுனி மட்டும் தரையில கெடந்து இழுபடுது. சாமி காலத் தட்டி விட்டுட்டா? ஓட்டை சும்மாதான கெடந்துச்சு. செருகுனேன். பாக்க நல்லா…"

அங்கே அவள் பேச்சு நின்றது.

பங்குச்சாமி வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்தது போன வாரத் திங்கட்கிழமை. கம்ப்யூட்டர்கள் நின்றது அன்று சாயங்காலம். ஹாலில் நின்ற நாலு பேரும் அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டார்கள். பிரிண்டர் இன்னும் துப்பிக்கொண்டிருந்தது.

"எழுதி ஒட்டியிருக்கணும்லா," என்றாள் பிளாரன்ஸ். "எது எங்கன செருகணும், எது செருகக்கூடாதுன்னு. எனக்கு என்ன தெரியும்?"

அது ஜெனோவுக்குச் சுட்டது. உண்மை இருந்ததால் சுட்டது. எந்த வயர் எது என்று சீட்டு எழுதி ஒட்டுவது அவன் வழக்கம். இந்த வீட்டிலும் கடைசி நாள் ஒட்டலாம் என்றுதான் இருந்தான். அன்றைக்குக் காலையில் காசைக் கேட்டான். அண்ணன் கத்தினான். இவனும் கத்தினான். சீட்டு ஒட்டாமலே படியிறங்கிவிட்டான்.

"ஆமா மைனி," என்றான். "ஒட்டியிருக்கணும்."

வளன் தம்பியின் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனான். கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். அண்ணன் குரலைத் தாழ்த்தினால் ஏதோ கேட்கப் போகிறான் என்று ஜெனோவுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

"ஏலே, ஒன் காசு உள்ள இருக்கு. பூராவும். இப்பவே தாரேன்."

"சரி அண்ணே."

"டீச்சர் கூப்பிட்டா, பெட்டி பழசு, மாத்திட்டேன்னு சொல்லிரு."

ஜெனோ அண்ணன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை.

"எதுக்கு?"

"அண்ணாச்சிகிட்ட நான் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். வயர் போட்டவன் தப்புன்னு. அதனாலதான் அவரு பொறுத்துக்கிட்டார். எங்க வீட்டுப் பொம்பள ஓட்டையில செருகி ஒங்க கப்பல விட்டுட்டான்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள் பாத்திருவாரு. அந்த டீச்சருக்கும் அண்ணாச்சி வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. பேச்சு மாறக்கூடாது."

"பெட்டி பழசுன்னு நானே சொன்னா எனக்கு எவன் வேலை தருவான்?"

"ஒனக்கு ஒரு வேலை போகும். எனக்கு அண்ணாச்சி போனா பின்னாடியே நாலு பேரு போவான். இந்த வீடு நிக்கது அவரு காகிதத்துலதாம்லே."

"ஒரு வேலை இல்ல அண்ணே." ஜெனோ வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "தோளு போனபிறகு எனக்கு இருக்கது இது ஒண்ணுதான். முப்பது கம்ப்யூட்டர் போட்டேன்னா நாளைக்கு நாலு பள்ளிக்கூடம் கூப்பிடும். இன்னைக்கு நானே என் வேலை தப்புன்னு சொன்னா, ஒரு கடைக்காரன்கூட என்னைய உள்ள விடமாட்டான்."

"காச வாங்கிட்டுப் பேசு."

"காசு நான் ஏணியில நின்னதுக்கு. பொய் சொல்லதுக்கு இல்ல."

வளன் வாயைத் திறந்தான். அதற்குள் ஹாலில் ஜெனோவின் போன் அடித்தது. மணி ஐந்து.

ஜெனோ வெளியே வந்து எடுத்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்க அவனால் முடியாது. மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன ஜெனோ, பாத்தீங்களா?" ஜெயஷீலா டீச்சரின் குரல்.

"பாத்துட்டேன் டீச்சர். எல்லாம் ஓடுது. வயரும் நல்லாருக்கு, பெட்டியும் நல்லாருக்கு."

"அப்ப ஏன் பத்து நாள் நின்னுச்சு?"

"ஒரு நுனி இடம் மாறிப் போச்சு."

"யார் மாத்துனது?"

பிளாரன்ஸ் எதிரே நின்றாள். கை லேஸ் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. மாதா சபையில் நாற்பது பெண்களுக்குத் தலைவி. கோயில் படியில் குரல் உயர்த்திப் பேசுகிறவள். இப்போது அவள் ஜெனோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைனி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை மறுநாள் பூசை முடிந்து அதே படியில் அவள் இறங்கி வர வேண்டும்.

"வீட்டுல தெரியாம நடந்தது டீச்சர்," என்றான். "யாரையும் குத்தம் சொல்லதுக்கு இல்ல."

"சரி. அண்ணன்கிட்ட குடுங்க."

வளன் போனுக்கு அருகே குனிந்தான். ஜெனோ அண்ணனின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயிலில் கறுத்து மடிப்பு விழுந்த கழுத்து. தங்களைப் பெற்ற ஐயா செத்த அன்று அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுதான்.

"ஆமா டீச்சர், வளன்தான் பேசுதேன். ஓடுது, ஓடுது. தம்பி நல்லாத்தான் செய்வான்." வளன் தொண்டையைச் செருமினான். "பெட்டி கொஞ்சம் பழசு. அவ்வளவுதான். இப்ப எப்பிடியோ சரிக்கட்டிட்டான். பெரிய வேலைன்னா… நீங்க யோசிச்சு செய்ங்க. நான் என்ன சொல்ல."



"ஜெனோ," என்றார் டீச்சர். "நீங்க வேற சொல்றீங்க, அண்ணன் வேற சொல்றார். பிள்ளைங்க படிக்கிற இடம். நான் மதுரைக்காரங்களுக்கே சொல்லிடுறேன். மனசுல வச்சுக்காதீங்க."

"சரி டீச்சர்."

 அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

 வளன் நிமிர்ந்தான், தம்பியைப் பார்க்காமலே உள்ளறைக்குப் போனான். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

"காப்பி போடட்டுமா?" என்றாள் பிளாரன்ஸ். குரலில் கோயில் படி இல்லை. பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜெனோ டெஸ்டரைப் பைக்குள் வைத்தான். ஜெர்லின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சித்தப்பா, வீடு மந்திரிச்சத நான் வீடியோ எடுத்தேன். கப்பல்ல இருக்கான்லா பெவின், அவனுக்கு அனுப்ப." பெவின் அவள் அண்ணன். "சாமி தண்ணி தெளிக்காரு, பின்னாடி அம்மா குனிஞ்சு வயரச் செருகுதா. நல்லாத் தெரியுது. இப்ப டீச்சருக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் ஏளா."

"ஏன்?"

"ஒங்க அம்மா கையக் காட்டி நான் வேலை வாங்கவா?"

"அப்பா ஒங்க வேலையக் கெடுத்தாரு. நீங்க யார் பேரையும் சொல்லல. நான் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்." அவள் கண் சிவந்திருந்தது. "பெவினுக்கு ஏற்கெனவே அனுப்பிட்டேன். நாளைக்கு கப்பல் கரை சேரும். சிக்னல் வந்தா பாப்பான். அவன் சும்மா இருக்க மாட்டான் சித்தப்பா."

ஜெனோ பையின் ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளன் வந்தான். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பணக்கட்டை மேசையில் வைத்தான்.

"எண்ணிக்கோ," என்றான், யாரும் எண்ணமாட்டார்கள் என்று தெரிந்தவன் சொல்கிற மாதிரி.

ஜெனோ எண்ணினான். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு தாளாக. அண்ணன் கொடுத்த காசை அவன் எண்ணியது கிடையாது. ஐயா இறந்து வீட்டைப் பாகம் பிரித்த அன்றுகூட எண்ணாமல்தான் மடியில் கட்டினான். பிளாரன்ஸ் அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றாள்.

பன்னிரண்டாயிரம் இருந்தது.

"மிச்சத்துக்குப் பிள்ளைகளுக்கு எதாவது வாங்கிக் கொடு," என்றான் வளன்.

ஜெனோ முந்நூறைத் தனியே எடுத்து வைத்தான். இன்னொரு நூறையும் எடுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்து நாலு பத்து ரூபாய்த் தாளை எண்ணித் தன் கட்டோடு சேர்த்தான். அதுவும் தன் காசுதான் என்று பிறகுதான் உறைத்தது. நாலு தாளையும் திரும்ப எடுத்து, மேசையில் இருந்த நானூறோடு சேர்த்துப் பார்த்து, கணக்கு இடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் நானூறை அண்ணன் பக்கம் தள்ளினான். அதிலிருந்து தனக்குச் சேர வேண்டிய நாற்பதுக்கு, ஜெர்லின் தன் பர்சிலிருந்து இரண்டு இருபதை எடுத்து வைத்தாள். வாங்கிக்கொண்டான்.

பைக்குள் கைவிட்டு பில் புத்தகத்தை எடுத்தான். மேசையில் வைத்து, குனிந்து, மெதுவாக எழுதினான். எழுத்து எழுத்தாக எழுதுவதுதான் அவனுக்கு வரும். பேனா தாளில் அழுந்துகிற சத்தம் கேட்டது. கிழித்து நீட்டினான்.

வளன் கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்தான்.

"என்னலே இது? 'திரு. வளன் அவர்களிடமிருந்து'ன்னு போட்டிருக்கே?"

"பார்ட்டி பேர அப்பிடித்தான் எழுதணும் சார்."

"சாரா?"

அடுப்படி வாசலில் டம்ளர் சாய்ந்து காப்பி கொஞ்சம் தரையில் சிந்தியது. மாப் போட்ட தரை.

"தொகைய ஒருதடவ சரிபாத்துக்கிடுங்க," என்றான் ஜெனோ. பையை இடது தோளில் மாட்டினான். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

வளன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது, முழுவதும் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே 'பாக்கி இல்லை' என்று எழுதி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, இரண்டு கோடு இழுத்திருந்தது.